போர்டு மட்டும் போதாது, முற்றமும் வேணும்

ஆசிரியருக்கு வணக்கம்,

போன இதழ்ல அமெரிக்காவோட பழைய நெடுஞ்சாலை ரூட் 66 பத்தின பயணக் கட்டுரை படிச்சேன், நல்லா எழுதியிருந்தாங்க, ஆனா எங்க ஊர் ஆல்புகெர்க்கி வந்ததும் ரோட்டோர விடுதிங்க, அதான் மோட்டலுங்க, அதோட ரெண்டு நியான் போர்டு படத்தைப் போட்டுட்டு அப்படியே தாண்டிப் போயிட்டாங்க, எனக்கு மனசே ஆறல. நான் தினமும் சென்ட்ரல் அவென்யூல பஸ்ல போறவன், அந்த போர்டுக்குப் பின்னாடி இருக்கறதுதாங்க விஷயமே.

முதல்ல 66 இந்த ஊருக்குள்ள நாலாவது தெரு வழியா வடக்கு தெற்காத்தான் போச்சு, 1937லதான் கிழக்கு மேற்கா சென்ட்ரலுக்கு மாத்துனாங்க. அதே வருஷம் ரியோ கிராண்டே ஆத்துக்குப் பக்கத்துல எல் வாடோங்கற மோட்டார் கோர்ட் மோட்டலைக் கட்டுனாங்க. மோட்டார் கோர்ட்னா என்னன்னு அங்க போய் நின்னாத்தான் புரியும். நடுவுல முற்றம், ரெண்டு பக்கமும் வரிசையா ரூம், இடையிடையே காருக்குக் கூரை போட்ட இடம், பாலைவனம் தாண்டி களைச்சு வர்ற குடும்பம் வாசல்லயே காரை விட்டுட்டு தூங்குற புள்ளைய அப்படியே தூக்கி உள்ள படுக்க வச்சிடலாம். சுவரெல்லாம் இங்க பியூப்லோங்கற பூர்வகுடி மக்களோட மண் வீடு மாதிரி முனை மழுங்கி இருக்கும், மேல மர உத்திரத்தோட நுனி வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும், சாயங்கால வெயில்ல அதோட நிழல் சுவர்ல நீளமா சாஞ்சு விழும் பாருங்க, அவ்ளோ அழகு.

ஐ-40ங்கற புது நெடுஞ்சாலை வந்தப்புறம் வண்டியெல்லாம் அந்தப் பக்கம் போயிடுச்சு. அதுக்கப்புறமும் இந்த ரோட்டுல பல மோட்டலை இழுத்துப் புடிச்சு நடத்துனது குஜராத்ல இருந்து வந்த குடும்பங்க, அதைப் பத்தி ஒரு வரியாவது எழுதியிருக்கலாம். ஆஸ்டெக் மோட்டலை 2011ல இடிச்சே போட்டாங்க. 1939ல கட்டுன டி ஆன்சா மோட்டலோட அடித்தளத்துல ஜூனி பழங்குடி ஓவியர் டோனி எடாக்கி வரைஞ்ச சுவரோவியங்களைக் காப்பாத்திட்டாங்க, சந்தோஷம்தான், ஆனா பழைய கட்டிடம் பெரும்பாலும் போயிடுச்சு. எல் வாடோவும் பல வருஷம் பூட்டிக் கெடந்து, சிட்டி கைக்கு வந்து, 2018ல திரும்பத் தொறந்துச்சு, இன்னைக்கும் ஆளுங்க வந்து தங்குறாங்க. அப்போ மத்ததையும் இடிக்காம வச்சிருக்க முடியும்தானே?

2026ல ரூட் 66க்கு நூறு வருஷம். நீங்க மறுபடி யாரையாவது அனுப்புனா ஒரு ராத்திரி இங்க தங்கிட்டு எழுதச் சொல்லுங்க, போட்டோவும் ரோட்டுல நின்னு எடுக்காம முற்றத்துக்குள்ள வந்து எடுக்கச் சொல்லுங்க.

அன்புடன்,
ஒரு வாசகர், ஆல்புகெர்க்கி, நியூ மெக்சிகோ