கவுண்டரில் அல்ல, கட்டில் பக்கத்தில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவமனைகள் டேப்லெட் கணினி (சுருக்கமாக டேப்) வாங்குகின்றன. ஆனால் அது பெரும்பாலும் பில் போடவும், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கவும்தான் வெளியே வருகிறது. வார்டில் பல வருடங்களாக வேலை பார்க்கும் செவிலியர் நான். அது இருக்க வேண்டிய இடம் நோயாளியின் கட்டில் பக்கம் என்று உறுதியாகச் சொல்வேன்.

பக்கவாதத்தில் வலது பக்கம் செயலிழந்து, பேச்சும் போன பெரியவர் ஒருவர் எங்கள் வார்டில் இருந்தார். எதையோ கேட்பார், வார்த்தை வராது. தண்ணீர் கொடுத்தால் தள்ளிவிடுவார், போர்வை போர்த்தினால் உதறுவார். கோபக்காரர் என்றே முடிவு கட்டிவிட்டோம். மூன்றாம் நாள் பேச்சுப் பயிற்சியாளர் டேபில் ஒரு படப் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் பிடித்தார். தண்ணீர், வலி, குளிர், கழிப்பறை... இடது கை விரல் மெல்ல நகர்ந்து மூக்குக்கண்ணாடிப் படத்தில் போய் நின்றது. வந்த அன்று கழற்றி அலமாரியில் வைத்திருந்தோம். மூன்று நாளாக எங்கள் யார் முகமும் அவருக்குச் சரியாகத் தெரிந்திருக்காது. கண்ணாடியை மாட்டிவிட்டதும் அழுதுவிட்டார். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

படம் போட்ட அட்டை போதாதா என்று கேட்கலாம். டேபில் மொழியை மாற்றலாம், படத்தைப் பெரிதாக்கலாம், தொட்டால் குரல் வரும், வீட்டார் முகங்களையும் சேர்த்துவிடலாம்.

அப்புறம், மருந்து. குழந்தைகளுக்கு எடை பார்த்துத்தான் அளவு கணக்கிடுகிறோம். புள்ளி ஓரிடம் தள்ளினால் பத்து மடங்கு. துண்டுச்சீட்டில் குறித்ததைப் பிறகு கேஸ் ஷீட்டில் ஏற்றும்போது, இரவுப் பணி முடியும் அந்த நேரத்தில், 8 என்பது 3 மாதிரித் தெரியும். கட்டில் பக்கத்திலேயே டேபில் பதிந்தால் இந்த மறு எழுத்து வேலையே இல்லை. வரம்பு அமைத்து வைத்தால், அளவு மீறும்போது திரையே எச்சரிக்கும்.

2020-இல் கொரோனா வார்டுகளுக்குள் உறவினர்களை விட முடியாத நாட்களில், எத்தனையோ பேர் தங்கள் பிள்ளைகளைக் கடைசியாகப் பார்த்ததே இந்தத் திரையில்தான்.

ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் துடைக்க வேண்டும், சார்ஜ் பார்க்க வேண்டும், வார்டு மூலையில் வைஃபை கிடைக்காது. சரி, இதெல்லாம் சமாளிக்கக் கூடியவை. உடைந்தால் யார் பொறுப்பு என்ற பயத்தில் அலமாரியில் பூட்டி வைப்பதுதான் தாங்கவில்லை. சம்பளத்தில் பிடிப்போம் என்றால் எந்தச் செவிலியர் அதைத் தொடுவார்? நிர்வாகங்கள் அந்தப் பயத்தை முதலில் எடுத்துவிடட்டும். கட்டிலில் பொருத்தும் தாங்கியையும் டேபோடு சேர்த்தே வாங்கட்டும்.

இப்படிக்கு,
வார்டு செவிலியர் ஒருவர்