வேரைச் சுற்றி ஒரு மீட்டர் மண்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஓசூர் புறநகர் மனைப்பிரிவுகளில் வடிகால் தோண்டும் இடமெல்லாம் வேம்பும் புங்கனும் சாய்கின்றன. அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டினால் கர்நாடகத்தின் 1976-ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டம். அங்கே சொந்த மனையில் நிற்கும் மரத்தை வெட்டவும் பெரும்பாலும் மர அலுவலரின் அனுமதி வேண்டும். நம் பக்கம் 1955-ஆம் ஆண்டுச் சட்டம் அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளுக்கு மட்டுமே. பொது இடத்து மரங்களுக்கு ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழு இருக்கிறது. தெருக்காரர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

வெட்டப் போவதாகத் தெரிந்தால் அன்றே மனு கொடுங்கள். மரத்தின் வகை, சர்வே எண், தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் எடுத்த சுற்றளவு, தேதி தெரியும் படம் ஆகியவை இருக்கட்டும். ஆட்சியர் அலுவலகத்துக்கும் வனத்துறைக்கும் தனித்தனி நகல் தந்து, ஒப்புகைச் சீட்டைக் கையோடு வாங்குங்கள். வெட்டிய பிறகு தரும் மனுவுக்கு விறகின் மதிப்புகூட இல்லை.

கோடரி படாமலும் மரம் சாகும். அடிமரம்வரை சிமெண்டு பூசினால் வேருக்கு நீரும் காற்றும் போகாது. டெல்லி மரங்களுக்காகத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்குள் உள்ள கான்கிரீட்டை அகற்றச் சொன்னது. பொக்லைன் ஒரு பக்க வேரை அறுத்துவிட்டால், அடுத்த கோடைமழைக் காற்றில் மரம் எதிர்ப்பக்கம் விழும். பழி மரத்தின் மேல். வடிகால் ஒப்பந்தப் புள்ளியிலேயே இந்த ஒரு மீட்டர் இடைவெளியை மாநகராட்சி நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும்.

- வாசகர், ஓசூர், கிருஷ்ணகிரி மாவட்டம்