கோல் பிடித்து நிற்கும் பாப்பாவுக்கு

அன்பு மகள் பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் சின்னவனும் சுகமாயிருக்க தினமும் ஜெபிக்கிறோம்.

வாட்ஸ்அப்பில் நாலு வரி போட்டேன். நீலக் கோடு விழுந்தது, பதில் விழவில்லை. அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். நீ வேலையில் இருந்திருப்பாய். நான் ஒன்றும் நினைக்கவில்லை.

லெஸ்டரில் இருக்கிற உன் சித்தி மகன் ஒரு போட்டோ அனுப்பினான். கறுப்புக் கோட்டு போட்டு நீ நிற்கிறாய், கையில் உன் உயரத்துக்கு ஒரு கோல், அதன் தலையில் பிஷப் குல்லா மாதிரி பித்தளைக் குமிழ். கிறிஸ்துமஸ் நாடகத்தில் மேய்ப்பன் வேஷம் போட்டிருக்கிறாய் என்று நினைத்தேன். ஜூன் மாதத்தில் என்ன நாடகம்? கீழே அவன் எழுதியிருந்ததைப் பிறகுதான் பார்த்தேன், நீ அந்தக் கோயிலுக்கு சர்ச் வார்டனாம். அப்பா காதில் ஹாஸ்டல் வார்டன் என்று விழுந்து, "ஏன், இருந்த வேலையை விட்டுட்டாளா?" என்றார்.

பெண்கள் ஐக்கிய சங்கத்தில் சொன்னேன். எல்லாரும் கை தட்டினார்கள். ஆயரம்மா, "எப்போ சொன்னா?" என்று கேட்டார்கள். போன வாரம் போனில் சொன்னாள் என்று சொல்லிவிட்டேன். ஜெபக் கூட்டத்தில் உட்கார்ந்துகொண்டு பொய்.

நீ சொல்லாவிட்டால் என்ன, எனக்குப் படிக்கத் தெரியும். மாடி வீட்டுப் பையனிடம் சொல்லி, உங்கள் இங்கிலாந்துக் கோயில்களை யார் எப்படி நடத்துகிறார்கள் என்பதையெல்லாம் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து வந்தேன். 34 பக்கம். கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்று நாள் படித்தேன். டெலிபோன்ஸில் முப்பது வருஷம் சர்க்குலர் படித்தவளுக்கு இது ஒன்றும் பெரிதில்லை.

மே 31க்குள் ஒரு கூட்டம் போட்டு இரண்டு வார்டன்களைத் தேர்ந்தெடுக்க வேண்டுமாம். அந்தக் கூட்டத்தில், கோயில் பட்டியலில் பேர் இருக்கிறவர்கள் மட்டுமல்ல, அந்தப் பகுதியில் குடியிருந்து ஊர் வாக்காளர் பட்டியலில் பேர் இருக்கிற யாரும் ஓட்டுப் போடலாமாம், கோயில் வாசலையே மிதிக்காதவனானாலும். இங்கே சந்தா பாக்கி இருந்தால் பட்டியலில் இருந்தே பேர் போய்விடும். போன தேர்தலில் மூலை வீட்டுப் பாட்டியின் பேரை எடுத்துவிட்டு, அந்தம்மா வெயிலில் நின்று அழுததை உனக்குச் சொன்னேனா? சொல்லியிருக்க மாட்டேன். நாம் பேசி நாளாகிறது.

இன்னொன்று படித்தேன். கோயிலுக்குள் நகர்த்தக்கூடிய பொருள் எல்லாம், திருவிருந்துப் பாத்திரத்திலிருந்து நாற்காலி வரைக்கும், சட்டப்படி வார்டன்கள் பேரில்தான் இருக்குமாம். அதற்கெல்லாம் பட்டியல் எழுதி வைக்க வேண்டுமாம். அந்தக் கிண்ணங்கள் உன் பேரிலா! நம் ஊரில் மண்ணும் கட்டடமும் சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை, டிரஸ்ட் அசோசியேஷன் பேரில். நமக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஒரு மெழுகுவர்த்தித் தண்டு கூடக் கிடையாது, ஆனால் சண்டை மட்டும் பாகப்பிரிவினை மாதிரி நடக்கும். உங்கள் ஊரில் ஒரு பெஞ்சை எடுப்பதற்கும் பேராயத்து நீதிபதியிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. இங்கே யாரோ ஒருவர் ஏ.சி. வாங்கிக் கொடுத்து, அதைவிடப் பெரிசாகப் பேர்ப் பலகை மாட்டிவிட்டுப் போகிறார்.

பட்டியலை நீயே எண்ணிப் பார்த்து எழுது. போன வார்டன் எழுதி வைத்ததைப் பார்த்து டிக் அடிக்காதே. பாத்திரத்தைக் கையில் எடுத்துப் பார். பணமும் அப்படித்தான். காணிக்கையை இரண்டு பேர் எண்ண வேண்டும், அந்த இரண்டு பேர் ஒரே வீட்டுக்காரராக இருக்கக் கூடாது. எழுதாத எதிலும் கையெழுத்துப் போடாதே.

உங்கள் தாத்தா இருந்திருந்தால் இதைக் கேட்டு எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார். 1947 செப்டம்பர் 27ஆம் தேதி சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் சபைகள் ஒன்றாகி சி.எஸ்.ஐ. ஆன அன்று, பதினாறு வயசுப் பையனாக வெளி மரத்தடியில் நின்றதை எத்தனை தடவை சொல்லியிருக்கிறார். தாத்தா வீடு ஆங்கிலிக்கன், பாட்டி வீடு லண்டன் மிஷன். "பேராயர் நம்ம பக்கத்துச் சீதனம், கூட்டம் போட்டுக் கேள்வி கேக்கிறது உங்க பாட்டி பக்கத்துச் சீதனம்" என்பார். பாட்டி அடுப்படியிலிருந்தே, "கேள்வி கேக்காத வீட்ல கணக்கு நிக்காது" என்று பதில் கொடுப்பார்கள். எனக்கு இரண்டு பக்கத்து ரத்தமும் இருந்தும், கேட்க வேண்டிய நாளில் வாய் வரவில்லை.

சரி, அது கிடக்கட்டும். உங்கள் விகார், அதாவது ஆயர், ரிட்டயர்டு ஆகிப் போய்விட்டாராமே, இன்னும் ஆள் வரவில்லையாமே. அதுவும் உன் சித்தி மகன் சொல்லித்தான் தெரியும். அந்த இடைக்காலத்தில் வார்டன்கள் இரண்டு பேரும்தான் அந்த வட்டாரத்து மூத்த ஆயரோடு சேர்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பிரிண்டில் இருக்கிறது. ஆராதனைக்கு யார் வருவார், சாவி யாரிடம், கூரை ஒழுகினால் யாரைக் கூப்பிடுவது, கல்லறைத் தோட்டத்துப் புல், எல்லாம். புது ஆயரைத் தேர்ந்தெடுக்கும்போது சபையின் பிரதிநிதிகளும் உட்கார்ந்து பேசலாமாம். இங்கே ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிவில் அறிவிப்பு வாசிக்கும்போதுதான் ஆயருக்கு டிரான்ஸ்ஃபர் என்று நமக்கே தெரியும். உங்கள் முறை நல்ல முறைதான். ஆனால் ஆயர் இல்லாத கோயிலில்தான் எல்லாக் காகிதமும் நம் முன்னால் வந்து நிற்கும். "இதில் மட்டும் ஒரு கையெழுத்து, நாளைக்கு நிரப்பிக்கலாம்" என்று சிரித்த முகத்தோடு கேட்பார்கள். கெட்டவர்கள் கேட்க மாட்டார்கள் பாப்பா. நமக்கு வேண்டியவர்கள்தான் கேட்பார்கள். போடாதே. இப்போதெல்லாம் செக் கிடையாது, போனிலேயே இரண்டு பேர் ஒப்புதல் கொடுத்தால் போதும் என்று மாடி வீட்டுப் பையன் சொன்னான். அதுவும் கையெழுத்துதான். எதற்கு என்று பார்க்காமல் விரலை வைக்காதே.

ஊர் விசேஷம் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். மெட்ரோக்காரர்கள் தோண்டிய பள்ளத்தால் நம் தெருவுக்கு ஆட்டோ வருவதில்லை. அப்பாவுக்கு மாத்திரை மாற்றியிருக்கிறார்கள். வேறு விசேஷமில்லை.

நம் கோயிலில் மணி அடித்து சாவி வைத்திருந்த செக்ஸ்டன் தாத்தா போன லெந்து (தவக்கால) நாட்களில் தவறிப்போனதை அப்பாதான் உனக்கு போனில் சொன்னார். நீ "ம்" என்று மட்டும் சொன்னாயாம். அன்றிலிருந்து எண்ணிப் பார்க்கிறேன். ஞாயிறு சாயங்காலம் வருகிற போன் இரண்டு வாரத்துக்கு ஒன்றானது, பிறகு மாசத்துக்கு ஒன்று. அப்புறம் இந்தப் போட்டோ. வேலை அதிகம் என்று அப்பா சொல்கிறார். அவருக்கு எதுவும் தெரியாது. உனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும்.

2008 அறுப்பின் பண்டிகைக்கு அடுத்த நாள், திங்கட்கிழமை, வங்கியில் என்னோடு வரிசையில் நின்றவள் நீ. பண்டிகைக்கு வந்த காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்ட பணத்தை மஞ்சள் பையில் வைத்து, மேலே உன் டிபன் டப்பாவை வைத்து மறைத்துக் கொண்டுபோனோம். கேஷியர் 1,12,000 எண்ணி முடிக்கிற வரைக்கும் ஸ்கூலுக்கு நேரமாச்சு என்று என் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாய். பதினேழு வயசுக் கழுதை.

அடுத்த வாரம் அப்பாவை வேலூருக்கு ஆபரேஷனுக்குக் கூட்டிப் போனேன். போவதற்கு முந்தின ராத்திரி சபைச் செகரட்டரி அண்ணன் நம் வீட்டுக்கு வந்தார். காம்பவுண்டு சுவர் வேலை நடக்கிறது, சிமெண்டுக்காரன் நிற்க மாட்டான், நீங்க எப்போ வருவீங்களோ என்றார். ஐந்து பிளாங்க் செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அந்தச் சபையில் டிரெஷரர் ஆன முதல் பொம்பளை நான். டெலிபோன்ஸில் பத்து ரூபாய் வவுச்சரைத் திருப்பி அனுப்பியவள். அவர் அப்பாவுக்காக முழங்கால் போட்டு ஜெபம் பண்ணிவிட்டுப் போனார். அதற்கப்புறம் எப்படி மாட்டேன் என்று சொல்வது?

பன்னிரண்டு நாள் கழித்து வந்து பாஸ்புக் போட்டால் ஒரு செக்கில் 38,500 ரொக்கமாகப் போயிருக்கிறது. மேஸ்திரிக்குக் கொடுத்தேன், வவுச்சர் வரும் அக்கா என்றார் செகரட்டரி. வரவில்லை. டிசம்பரில் ஜெனரல் பாடி. இரண்டாம் ஆராதனை முடிந்து பிரியாணிப் பொட்டலம் வெளியே காத்திருக்கிறது. கட்டட நிதியில் 38,500 குறைகிறதே என்று பின் வரிசையில் ஒருவர் எழுந்தார். செகரட்டரி மைக்கைப் பிடித்து, ஏலப் பணம் ஒரு ராத்திரி வெஸ்ட்ரியில், ஆயர் அறையில், இருந்தது, சாவி செக்ஸ்டனிடம் இருந்தது, காலையில் எண்ணும்போது குறைந்தது என்றார்.

சலான் என் கைப்பையில் இருந்தது பாப்பா. முழுப் பணமும் கட்டிய சலான், வங்கி முத்திரையோடு. எழுந்து நின்று அதை ஆயர் கையில் கொடுத்திருந்தால் முடிந்தது. கொடுத்தால் அடுத்த கேள்வி, அப்படியானால் பணம் எந்தச் செக்கில் போனது, அதில் யார் கையெழுத்து என்றுதான் வரும். கொயர் (பாடகர் குழு) பெஞ்சிலிருந்து நீ என்னைப் பார்த்தாய். நான் குனிந்து பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன். செக்ஸ்டன் தாத்தா மணிக்கயிறு பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவரை யாரும் கேட்கவும் இல்லை.

பிப்ரவரியில் ஆடிட்டருக்குக் கணக்குப் போவதற்கு முன்னால் செகரட்டரி அந்த 38,500ஐக் கட்டிவிட்டார். கணக்கு சரியாகிவிட்டது. அதற்குள் தாத்தா குவார்ட்டர்ஸைக் காலி பண்ணி, தட்டுமுட்டுச் சாமானை மூன்று சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆவடிக்கு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். நீ கொயரை விட்டாய். பரீட்சை என்றாய். நானும் பரீட்சை என்றே எல்லாரிடமும் சொன்னேன்.

இதுவரைக்கும் உனக்குத் தெரிந்தது. தெரியாதது ஒன்று இருக்கிறது. செக்ஸ்டன் தாத்தாவை வேலையிலிருந்து எடுத்தது ஜெனரல் பாடி இல்லை, அடுத்த வாரம் கூடிய கமிட்டி. "ரொக்கப் பாதுகாப்பில் கவனக்குறைவு காரணமாகப் பணியிலிருந்து விடுவிக்கத் தீர்மானிக்கப்பட்டது" என்று மினிட்ஸ் நோட்டில் இருக்கிறது. முன்மொழிந்தவர் செகரட்டரி. வழிமொழிந்தவர் பேர் என்னுடையது. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அந்த மேஜையைச் சுற்றி பதினோரு பேர் இருந்தோம், யாராவது வழிமொழியுங்கள் என்று ஆயர் கேட்டார், கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை, நான் கையைத் தூக்கினேன். முதலில் தூக்கினால் என்மேல் யாருக்கும் சந்தேகம் வராது என்று தோன்றியது.

அடக்க ஆராதனைக்கு ஆவடிக்குப் போனேன். தெருமுனை வரைக்கும் போய், பந்தலைப் பார்த்துவிட்டு, அதே ரயிலில் திரும்பிவிட்டேன். அப்பாவிடம் போய் வந்ததாகச் சொன்னேன்.

நீ ஏன் இந்தப் பொறுப்பை எடுத்தாய் என்று கேட்க மாட்டேன். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றும் கேட்க மாட்டேன். ஒரு சந்தேகம் மட்டும். நீ இப்போது இந்த விதிகளையெல்லாம் தெரிந்தவள். வாசித்து ஒப்புக்கொள்ளப்பட்டு ஆயர் கையெழுத்துப் போட்ட மினிட்ஸை, இத்தனை வருஷம் கழித்துத் திருத்த வழி உண்டா? உங்கள் ஊரில் எப்படிச் செய்வார்கள்? புதுத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டுமா, இல்லை வழிமொழிந்தவள் எழுந்து நின்று சொன்னால் அதையே எழுதிக்கொள்வார்களா? செப்டம்பரில் இங்கே ஜெனரல் பாடி இருக்கிறது. அந்தச் செகரட்டரியும் இப்போது உயிரோடு இல்லை, அவர் பெண்சாதி என் பக்கத்து வரிசையில்தான் உட்காருகிறார்கள். அதையும் நினைத்துப் பார்த்துச் சொல். செக்ஸ்டன் தாத்தாவின் மகளிடம் முதலில் போக வேண்டுமா, கூட்டத்துக்கு அப்புறம் போக வேண்டுமா என்பதையும் சொல்.

போனில் சொன்னாலும் சரி, எழுதினாலும் சரி. அப்பா கேட்கிறார், அந்தக் கோல் கனமாக இருக்குமா என்று.

உன் அம்மா

பி.கு. சலான் பச்சை பீரோவில்தான் இருந்தது, அப்பாவின் கல்யாணக் கோட்டுக்கு அடியில். ஜெராக்ஸ் ஒன்று இதோடு வைத்திருக்கிறேன். மை மங்கிவிட்டது. தொகை தெரிகிறது, முத்திரையில் தேதியும் தெரிகிறது. கட்டியவர் பேர் என்ற இடத்தில் இருக்கிறது உன் கையெழுத்து. கேஷியர் அவசரப்படுத்தினார் என்று உன்னைத்தான் எழுதச் சொல்லியிருக்கிறேன்.