ஆண்டறிக்கை 2025: ஹதார் பகுதி, ஹைஃபா

தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, பகுதிவாசிகளே, அனைவருக்கும் வணக்கம்.

இஸ்ரேலின் ஹைஃபா நகரில் யூதரும் அரபியரும் கலந்து வாழும் ஹதாரில் நம் பகுதிவாசிகள் சங்கம் 2025 சனவரி முதல் டிசம்பர் வரை செய்த பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். பெருஞ்செலவு மொழிபெயர்ப்பாளர் கூலிதான் என்பதை மட்டும் இங்கே சொல்லிவிடுகிறேன். அதில் ஒரு ஷெக்கல்கூடக் குறைக்கக் கூடாது என்பது செயற்குழுவின் முடிவு.

இவ்வாண்டு வேலையில் பாதிக்கு மேல் பதுங்கறையைச் சுற்றியே நடந்தது. 1990களின் தொடக்கத்துக்குப் பிறகு எழுந்த கட்டடங்களில் கெட்டிச் சுவருள்ள பாதுகாப்பறை வீட்டுக்குள்ளேயே இருக்கும். ஹதாரின் பழைய கட்டடங்களில் அது கிடையாது. யூதர், அரபுக் குடும்பங்கள், ரஷ்ய மொழி பேசுவோர், வாடகைக்கு இருக்கும் மாணவர் என எல்லாரும் இறங்க வேண்டியது அடித்தளத்தில் உள்ள ஒரே மிக்லாட்டுக்கு, அதாவது பொதுப் பதுங்கறைக்குத்தான். ஜூன் 13 முதல் 24 வரை ஈரானுடன் போர் நடந்தபோது அங்கே உள்ள குறைகளெல்லாம் வெளியே வந்தன.

முதல் குறை சாவி. சாவி ஒரே வீட்டில் தொங்கும். அபாயச் சங்கு ஊதும்போது அந்த வீட்டார் ஊரில் இருக்க மாட்டார்கள். இப்போது கதவருகே எண்பூட்டுப் பெட்டியில் சாவி இருக்கிறது. எண் வாடகைதாரருக்கும் கொடுக்கப்பட்டுள்ளது. பொறுப்பாளர் இருவர்: ஒருவர் அரபு, ஒருவர் யூதர். அடுத்தது, அவசர வழியை மறைத்து நின்ற மிதிவண்டிகளும் பழைய மெத்தைகளும். இரும்புக் கதவின் ரப்பர் விளிம்பும் பல இடங்களில் காய்ந்து கெட்டியாகியிருந்தது. கதவிடுக்கில் ஒரு காகிதத் துண்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். சுலபமாக வந்துவிட்டால் ரப்பரை மாற்ற வேண்டும்.

உள்ளே இருக்கும்போது இரண்டே விதிகள். செய்தியைக் காதொலிப்பானில்தான் கேட்க வேண்டும். யாரும் தம் மொழியில் தாழ்ந்த குரலில் பேசலாம். ‘ஹீப்ருவில் பேசு’ என்று எவரும் எவரிடமும் சொல்லக் கூடாது. இரண்டாவது விதியைச் சுவரில் எழுதி ஒட்டியது அவசியமாகவே இருந்தது. போர் நாளில் அரபுச் சொல் காதில் விழுந்தாலே முகம் சுளிப்போர் உண்டு.

நம்மிடம் பழைய மிக்லாட்டாவது இருக்கிறது. ஜூன் 14 இரவு தம்ராவில் ஏவுகணை விழுந்து ஒரே குடும்பத்துப் பெண்கள் நால்வர் இறந்தனர். அந்த அரபு நகரத்தில் அப்போது பொதுப் பதுங்கறை ஒன்றுகூட இல்லை. அவர்களுக்கு இப்பொதுக்குழு எழுந்து நின்று அஞ்சலி செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்தது, நம் கட்டடங்களில் ஹீப்ருவோடு அரபிலும் வைக்கும் அறிவிப்புப் பலகை. 2002இல் உச்ச நீதிமன்றம் டெல் அவீவ்-யாஃபா, ராம்லா, லோத், அன்றைய மேல் நாசரேத் ஆகிய நான்கு நகராட்சிகளும் தெருப்பலகைகளில் அரபு மொழியைச் சேர்க்க வேண்டும் என்றது. இஸ்ரேலை யூத மக்களின் தேசிய அரசு என்று அறிவித்து 2018 சூலையில் 62க்கு 55 என்ற வாக்குகளில் நிறைவேறிய தேசிய அரசுச் சட்டமோ ஹீப்ருவை மட்டும் அரசு மொழியாக்கி, அரபுக்குச் ‘சிறப்புத் தகுதி’ என்று ஒதுக்கியது. அது ஓர் இறக்கம் என்பதே சங்கத்தின் நிலைப்பாடு. ஆனால் நம் கட்டடச் சுவரில் நாம் என்ன ஒட்டுகிறோம் என்பதை அச்சட்டம் தடுக்கவில்லை.

முதல் முறை அச்சாகி வந்த பலகைகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. பதுங்கறைக்கு அரபில் ‘மல்ஜா’. அதன் நான்கு எழுத்துகளும் வலமிருந்து இடமாக ஒன்றோடொன்று கைகோத்து ஒரே கோடாக ஓட வேண்டும். வந்ததோ தனித்தனி எழுத்துகளாக, இடமிருந்து வலமாக. அரபு எழுத்தைக் கோக்கத் தெரியாத மென்பொருளில் ஒட்டினால் இப்படித்தான் சிதறும். இதைச் சிறு பிழை என்று யாரும் நினைக்க வேண்டாம். ‘உன் மொழியைப் படிக்கத் தெரிந்த ஒருவர்கூட இதைப் பார்க்கவில்லை’ என்றுதான் அந்தப் பலகை சொல்லும். தொலைபேசி எண்ணிலும் கவனம் தேவை. நடுவில் சிறுகோடு போட்டால் ஹீப்ரு வரியில் சரியாக நிற்கும். அரபு வரியில் முன்பாதியும் பின்பாதியும் இடம் மாறிவிடும். கோடில்லாமல் எழுதுங்கள். அச்சுக்குப் போகும் முன் அரபு தாய்மொழியாக உள்ள ஒருவர் தாளில் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பது இப்போது விதி.

பேச்சு அரபு வகுப்பு தொடர்கிறது. பள்ளியில் இலக்கிய அரபு படித்தவர்கள் கடையில் ‘உரீத்’ என்று கேட்கிறார்கள். அக்கம்பக்கத்தில் ‘எனக்கு வேண்டும்’ என்பதற்கு ‘பித்தி’ என்பதே வழக்கு. ஆகவே வகுப்பு வாய்ப்பேச்சில் தொடங்குகிறது, எழுத்து பிறகுதான்.

பண்டிகைக் கூடல்களில் நாளும் நேரமும் சிக்கல் தந்தன. மார்ச் 28இல் கடிகாரம் ஒரு மணி முன்னே போனதால் ரமலானின் கடைசி நாள்களில் நோன்பு திறக்கும் நேரமும் தள்ளிப்போனது. பழைய அழைப்பிதழில் நேரம் தவறிவிட்டது. யூத உணவு விதியான கோஷரைக் கடைப்பிடிப்போர் பிறர் வீட்டில் சமைத்ததை உண்ண மாட்டார்கள் என்பதால் பேரீச்சை, முழுப் பழங்கள், முத்திரையிட்ட பொட்டலங்கள், காகிதத் தட்டுகள் ஆகியவையே பொதுமேசைக்கு. மது வைப்பதில்லை. புளித்த மாவுப் பண்டம் வீட்டுக்குள் வரக் கூடாத யூதப் பண்டிகையான பஸ்கா இவ்வாண்டு ஏப்ரல் 19 இரவு முடிந்தது. கிழக்கு, மேற்குத் திருச்சபைகள் இரண்டுக்கும் ஈஸ்டர் மறுநாளே. ரவையில் பேரீச்சை வைத்துச் சுடும் மாமூல் ஒருநாள் முன்னால் வந்திருந்தால் பஸ்கா கொண்டாடுவோர் வீட்டு வாசலைக்கூடத் தாண்ட முடியாது. 20ஆம் தேதி காலை தட்டுத் தட்டாகப் போனது.

ஆனால் விருந்தைச் சமத்துவம் என்று எண்ணிவிடக் கூடாது. நம் கூட்டங்களில் அரபு உறுப்பினர் எல்லாருக்கும் ஹீப்ரு தெரியும். யூத உறுப்பினர்களில் அரபு தெரிந்தோர் சிலரே. கண்டிப்பு இல்லாவிட்டால் பத்தே நிமிடத்தில் பேச்சு முழுதும் ஹீப்ருவுக்குச் சரிந்துவிடும். அரபு உறுப்பினர்கள் வாயை மூடிக்கொண்டு வாக்களிப்பார்கள். அதனால் எல்லாம் இருமொழியிலும் சொல்லப்படுகிறது. நேரம் இரட்டிப்பாவதால் ஒரு கூட்டத்துக்கு நான்கு பொருள்களுக்கு மேல் எடுப்பதில்லை. தலைமை மாறி மாறி வருகிறது.

இன்னும் நடவாதது ஒன்று. நிகழ்ச்சிநிரல் இன்றும் ஹீப்ருவில் எழுதப்பட்டு அரபில் பெயர்க்கப்படுகிறது. எதைப் பேசுவது என்பதை ஒரே தரப்பு முடிவு செய்கிறது. ஒன்றுவிட்டு ஒரு கூட்டத்துக்கு நிரலை முதலில் அரபில் எழுத வேண்டும் என்ற தீர்மானத்தைச் செயற்குழு முன்மொழிகிறது. அதை வாக்கெடுப்புக்கு விடுமாறு தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்