ஒன்றரை மணிப் பயணம் அரை மணியானது எப்படி?

ஆசிரியர் அவர்களுக்கு,

கனடாவின் நுனாவுட் பிரதேசம் பற்றிய கட்டுரையில், ரெசொல்யூட்டுக்கும் கிரீஸ் ஃபியோர்டுக்கும் இடையே 1,300 கி.மீ. என்றும், விமானத்தில் போக இரண்டரை மணி, திரும்ப அரை மணி என்றும் வெளியாகியிருக்கிறது. மூன்றையும் திருத்த வேண்டும்.

தூரத்தை முதலில் பார்ப்போம். இரண்டு ஊர்களுக்கும் தீர்க்கரேகையில் 12 பாகை வித்தியாசம். அதை 111 கிலோமீட்டரால் பெருக்கினால் 1,300 சொச்சம் வரும். ஆனால் 111 என்பது நிலநடுக்கோட்டுக் கணக்கு. வடக்கே போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்கும். 75 பாகையைத் தாண்டிய அந்தப் பகுதியில் ஒரு பாகைக்கு 28 கி.மீ. கூட இல்லை. ஆகவே கிழக்கு மேற்காகச் சுமார் 335 கி.மீ., தெற்கு வடக்காகச் சுமார் 190 கி.மீ. நேர்கோட்டில் ஏறக்குறைய 385 கி.மீ. தான். சுவரில் மாட்டும் சாதாரண உலக வரைபடமும் அந்த இடத்தை நான்கு மடங்கு இழுத்துக் காட்டும். அதில் அளவுகோல் வைத்துப் பார்த்தவர்களும் ஏமாறுவார்கள்.

நேரக் குழப்பத்துக்குக் காரணம் கடிகாரம். ரெசொல்யூட் மத்திய நேரத்திலும், கிரீஸ் ஃபியோர்ட் அதைவிட ஒரு மணி முன்னால் ஓடும் கிழக்கு நேரத்திலும் இயங்குகின்றன. அட்டவணையில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். பறப்பது இரு திசையிலும் சுமார் ஒன்றரை மணி. ஒரு பக்கம் ஒரு மணி கூடித் தெரியும், மறுபக்கம் குறைந்து தெரியும்.

அந்த ஒன்றரை மணியும் காற்றின் கையில். கிரீஸ் ஃபியோர்டின் ஓடுதளம் குட்டையான சரளைத் தளம், பக்கத்திலேயே மலை. அதனால் ட்வின் ஒட்டர் போன்ற சிறு விமானம்தான் இறங்க முடியும். மணிக்கு 280 கி.மீ. வேகம் என்றால், 55 கி.மீ. எதிர்காற்றில் 1 மணி 43 நிமிடம். அதே காற்று பின்னால் வந்தால் 1 மணி 9 நிமிடம். ஏற இறங்க ஆகும் நேரம் தனி. மேகம் தாழ்ந்து இறங்க முடியாவிட்டால் பெரும்பாலும் ரெசொல்யூட்டுக்கே திரும்ப வேண்டும். ஆகவே போக, வர, அதற்கு மேல் முக்கால் மணி நேரத்துக்கும் சேர்த்து எரிபொருள் ஏற்றினால் சுமார் ஒரு டன் ஆகிறது. அந்த எடைக்கு ஆளும் சரக்கும் குறையும். ரெசொல்யூட்டிலிருந்து தெற்கே தொடர் விமானம் பிடிப்பவர்கள் ஒரு நாளாவது இடைவெளி விடுவது நல்லது.

இந்தத் தூரத்தைச் சரியாகச் சொல்ல வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1953இல் கியூபெக்கின் இனுக்ஜுவாக்கிலிருந்து, வடதுருவப் பகுதிப் பூர்வகுடிகளான இனுயிட் குடும்பங்களைக் கனடா அரசு கப்பலேற்றி வடக்கே கொண்டுபோனது. எல்லோரும் ஒரே இடத்தில் இருக்கப் போகிறோம் என்று நம்பி ஏறியவர்களைப் பிரித்து, சிலரை ரெசொல்யூட்டிலும் சிலரை கிரீஸ் ஃபியோர்ட் இருக்கும் எல்ஸ்மியர் தீவிலும் இறக்கியது. 2010இல் அரசு மன்னிப்புக் கேட்டது. இரு ஊர்களுக்கும் நடுவே சாலை இல்லை. அங்கே உறவினரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு அந்த 385 கி.மீ. இன்றும் பெரிய தூரம்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்