போனை மாற்றாதீர்கள், பேட்டரியை மட்டும் மாற்றுங்கள் என்று ஏன் சொல்கிறோம்?

அன்பு வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போன வாரம் ஓர் அண்ணன் எக்ஸ்சேஞ்சில் புதுப் போன் எடுக்க வந்தார். அவருடையது மூன்று வருடப் போன். சார்ஜ் நிற்கவில்லை, அவ்வளவுதான். பேட்டரியை மாற்றிக் கொடுத்தோம். "வர்ற வியாபாரத்தை ஏம்ப்பா விடுறீங்க?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறோம்.

அந்தப் பேட்டரிக்குள் சில கிராம் கோபால்ட் என்ற உலோகம் இருக்கிறது. உலகத்துக் கோபால்ட்டில் பாதிக்கு மேல் ஆப்பிரிக்காவில் உள்ள காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்துதான் வருகிறது. பெரிய கம்பெனிகள் எந்திரம் வைத்துத் தோண்டுவது ஒரு பக்கம் இருக்க, அங்கே கொல்வேசி நகரைச் சுற்றிக் கடப்பாரையும் மண்வெட்டியுமாக ஏழை ஜனங்கள் தோண்டுகிறார்கள். தூசி நுரையீரலைக் கெடுக்கும், முகத்தில் கட்டத் துணிகூட இருக்காது. தெற்குக் காங்கோவின் சுரங்கங்களில் சுமார் 40,000 பிள்ளைகள் வேலை செய்வதாக 2014இல் ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃப் கணக்கிட்டது. கல் பொறுக்குவது, கழுவுவது, மூட்டை சுமப்பது. 2019 ஜூனில் கொல்வேசி அருகே மண் சரிந்து 40 பேருக்கு மேல் செத்துப்போனார்கள்.

இதைக் கடையில் பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு காலத்தில் கிணறு வெட்டிய உசிலம்பட்டிப் பெரியவர் ஒருவர், "முட்டுக் குடுக்காமலாய்யா குழிக்குள்ள இறங்குறாங்க?" என்று கேட்டார். ஆமாம் ஐயா, பல குழிகளில் அப்படித்தான் இறங்குகிறார்கள்.

கையால் தோண்டிய கல்லும் எந்திரத்தில் எடுத்த கல்லும் உருக்காலையில் கலந்துவிட்டால் அப்புறம் பிரிக்க முடியாது. எங்கள் மேசைக்கு வரும் புதுப் பேட்டரிக்கும் எங்களால் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் போனையே மாற்றினால் கோபால்ட்டோடு டாண்டலம், வெள்ளீயம், தங்கம் எல்லாவற்றையும் மறுபடி தோண்ட வேண்டும். போர்டில் கடுகளவு இருக்கிற கெப்பாசிட்டருக்குள் டாண்டலம் என்ற உலோகம் இருக்கும். அது கிடைக்கிற கோல்டான் என்ற தாதுக் கல்லின் சுரங்கங்களைப் பிடித்து வைத்து, கிழக்குக் காங்கோவில் ஆயுதக் குழுக்கள் காசு பார்க்கின்றன.

அவ்வளவு தூரம் போவானேன்? பழைய ஆம்ப்ளிஃபயரைக் கழற்றினால் டிரான்சிஸ்டருக்கு அடியில் கண்ணாடி மாதிரி ஒரு தகடு வரும். மைக்கா, நம் பாட்டிமார் காக்காப்பொன் என்பார்களே அதுதான். ஜார்க்கண்டில் கோடர்மா, கிரிடி பக்கம் கைவிட்ட சுரங்கங்களில் சின்னப் பிள்ளைகள் அதைப் பொறுக்கியிருக்கிறார்கள். நம் நாட்டுப் பிள்ளைகள். அந்தத் தகடு கிழியாமல் இருந்தால் துடைத்து அதையே திரும்பப் போடுகிறோம்.

சரி, உங்களிடம் கேட்பது இதுதான். ரிப்பேர் ஆகுமா என்று முதலில் எங்களிடம் காட்டுங்கள். பார்த்துச் சொல்ல காசு வாங்குவதில்லை. பீரோவில் கிடக்கும் செத்த போன்களையும் கொண்டு வாருங்கள், அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரர்களிடம் சேர்த்துவிடுகிறோம். அவற்றிலிருந்து கோபால்ட்டைத் திரும்ப எடுக்க முடியும்.

பேட்டரி உப்பியிருந்தால் குத்தவோ அமுக்கவோ வேண்டாம். சார்ஜ் போடாமல், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைத்திருந்து அப்படியே எடுத்து வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் செல்போன் சர்வீஸ் கடையார்,
டவுன் ஹால் ரோடு, மதுரை