மெதுவாக ஓட்டுபவர் முன்னால் போகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் சிங்கப்பூரின் கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் உள்ள வாடகை சைக்கிள் கடைகளில் கூட்டம் நிற்கும். கணவன் மனைவி, அப்பா மகள், தோழிகள் என்று இரண்டிரண்டு பேராகக் கிளம்பி, கடலோரமாகவே சாங்கி வில்லேஜ் வரை போய் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று நினைப்பவர்கள் பலர். அருமையான யோசனைதான். ஆனால் பாதி வழியில் திரும்புகிறவர்களும், திரும்பி வரும்போது ஒருவரோடு ஒருவர் பேசாமல் வருகிறவர்களும் இந்தப் பாதையில் நிறையவே உண்டு. கிளம்புமுன் போட வேண்டிய சில கணக்குகளைப் போட்டாலே இதைப் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம்.

தூரத்திலிருந்து தொடங்குவோம். பூங்கா மட்டுமே சுமார் 15 கிலோமீட்டர் நீளம். பூங்காவுக்கு மேற்கே உள்ள மரீனா அணைக்கட்டிலிருந்து சாங்கி வில்லேஜ் வரை 25 கிலோமீட்டருக்கு மேல். பழக்கமில்லாதவர் வாடகை சைக்கிளில் மணிக்கு 12 கிலோமீட்டர் ஓட்டினால் அதுவே நல்ல வேகம். பூங்காவின் நடுவில் வண்டி எடுத்தாலும் சாங்கி போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆகும். சாப்பாடு, ஓய்வு, திரும்பும் நேரம் எல்லாம் சேர்த்தால் ஐந்து மணி நேரம். இரண்டு மணி நேர வாடகை கட்டிவிட்டுச் சாங்கியைக் குறிவைப்பது நடக்காத காரியம். அவ்வளவு நேரம் இல்லாதவர்கள் பூங்காவின் கிழக்குக் கோடியில் சாங்கி விமான நிலையத்தை நோக்கிப் பிரியும் 3.5 கிலோமீட்டர் இணைப்புப் பாதையில் திரும்பலாம். டைனோசர் உருவங்கள் நிற்கும் பாதை அது. 2020இல் திறந்தார்கள். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அதுவே போதும்.

அடுத்தது காற்று. டிசம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசும். சாங்கி நோக்கிப் போகையில் முகத்தில் அடிக்கும், திரும்பும்போது முதுகில் தள்ளும். களைத்திருக்கும் நேரத்தில் காற்று துணைக்கு வருவது நல்லதுதான். ஆகவே இந்த மாதங்களில் போகும்போது வேகம் வரவில்லையே என்று பெடலை அழுத்தி மிதிக்க வேண்டாம். கியரைக் குறைத்து, கால் லேசாகச் சுழலும்படி ஓட்டினால் போதும். டிசம்பரில் பிற்பகல் மழையும் இடியும் சகஜம். எனவே காலை ஏழு மணிக்கே சக்கரம் சுழலத் தொடங்கியிருக்க வேண்டும். அந்த நேரத்தில் கிழக்கே போகிறவருக்குச் சூரியன் நேரே கண்ணில் படும், விளிம்புத் தொப்பியோ கறுப்புக் கண்ணாடியோ இல்லாவிட்டால் எதிரே வரும் ஆள் தெரியாது. இடி கேட்டால் மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. சுவரும் கூரையும் உள்ள கட்டடத்துக்குப் போய்விட வேண்டும்.

பலரும் தடுமாறும் இடம் தானா மேரா கோஸ்ட் ரோட்டை ஒட்டிய நீண்ட பகுதி. பூங்காவின் நிழலும் உணவுக் கடைகளும் பின்னால் போய்விடும். ஒரு பக்கம் விமான நிலையம், தலைக்கு மேல் தாழப் பறக்கும் விமானங்கள், வெட்டவெளி. பார்க்க அழகான இடம், பத்து மணிக்கு மேல் வெயில் வாட்டும் இடம். இங்கே கடை கிடைக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் வேண்டும். அதில் ஒரு போத்தலில் எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் கலந்துகொண்டால் வியர்வையில் போகும் உப்பு ஓரளவு திரும்பும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் கால் மணிக்கு ஒருமுறை இரண்டு மிடறு குடிக்கலாம். காலையில் பொங்கல் சாப்பிட்டுவிட்டு சைக்கிள் ஏறாதீர்கள். இரண்டு இட்லி போதும்.

இனி, இருவர் சேர்ந்து ஓட்டும் முறை. இந்தக் கடிதத்தின் நோக்கமே அதுதான். வழக்கமாகப் பழகியவர் முன்னால் போவார், மற்றவர் பின்னால் மூச்சிரைக்க வருவார். முன்னவர் நின்று காத்திருப்பார், பின்னவர் வந்து சேர்ந்ததும் உடனே கிளம்பிவிடுவார். ஓய்வு முழுவதும் வலுவுள்ளவருக்கே கிடைக்கிறது, தேவைப்படுபவருக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. இதை மாற்றி, மெதுவாக ஓட்டுபவரை முன்னால் விடுங்கள். வேகத்தை அவர் முடிவு செய்யட்டும். பின்னால் வருபவருக்கு அவர் களைப்பது கண்ணில் படும். எதிர்க்காற்றில் மட்டும் வலுவுள்ளவர் முன்னால் போய்க் காற்றை மறைத்துக் கொடுக்கலாம். அப்போதும் பின்னவர் பின்தங்கிவிட்டாரா என்று பார்த்து வேகத்தைச் சரிசெய்ய வேண்டும்.

பேசிக்கொண்டே ஓட்டும்போது பின்னவரின் முன் சக்கரம் முன்னவரின் பின் சக்கரத்துக்குப் பக்கவாட்டில் ஏறிவிடுவதுண்டு. முன்னவர் ஒரு குழந்தைக்காகச் சற்று விலகினாலே இரண்டு சக்கரமும் உரசும். அப்படி உரசினால் விழுபவர் பெரும்பாலும் பின்னால் இருப்பவர்தான், ஏனென்றால் திசை திருப்பும் சக்கரம் அவருடையது. இரண்டு சைக்கிள் நீளமாவது இடைவெளி விடுங்கள். நிற்பதற்கு முன் “நிறுத்துறேன்” என்று குரல் கொடுங்கள். பூங்காப் பாதையில் வேக வரம்பு மணிக்கு 25 கிலோமீட்டர். கடற்கரைக்குக் குறுக்கே நடந்து போகிறவர்கள் இருக்கும் இடங்களில் அதில் பாதிகூட அதிகம். பாதையில் படிந்த மணல்மேல் வளைந்துகொண்டே முன் பிரேக்கைப் பிடித்தால் சக்கரம் வழுக்கிவிடும், மணலுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு நேராகக் கடக்க வேண்டும்.

சைக்கிளை வாடகைக்கு எடுக்கும்போது இரண்டு நிமிடம் செலவிடுங்கள். டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், எளிதாக அமுங்கினால் காற்று அடிக்கச் சொல்லுங்கள். காற்றுக் குறைந்த டயர் பாதையின் கூரிய விளிம்பில் ஏறும்போது டியூப் ரிம்முக்கும் அந்த விளிம்புக்கும் நடுவில் நசுங்கி, அருகருகே இரண்டு ஓட்டை விழும். பிரேக்கைப் பிடித்தால் நெம்புகோல் ஹேண்டில்பாரைத் தொடக் கூடாது. இரண்டில் எது முன் பிரேக் என்று நகர்வதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

நடுவழியில் செயின் கழன்றால் பதற வேண்டாம். பெரும்பாலும் மிதியை அழுத்திக்கொண்டே கியர் மாற்றுவதால் வருவது அது. பின்புறம் மிகச் சிறிய பல்சக்கரத்துக்குக் கியரை மாற்றிவிட்டு, அதன் கீழே தொங்கி செயினை இழுத்துப் பிடித்திருக்கும் டெரெய்லர் கையை முன்பக்கமாகத் தள்ளினால் செயின் தளரும். அதை முன் பல்சக்கரத்தின் அடிப்பல்லில் மாட்டி, பின் சக்கரத்தை லேசாகத் தூக்கிப் பெடலைப் பின்னோக்கிச் சுற்றினால் தானாக ஏறிக்கொள்ளும். சொந்த சைக்கிள் என்றால் வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, செயின் காய்ந்தபின் எண்ணெய் விடுங்கள். கடல் உப்பு ஒரே வாரத்தில் செயினில் துருவைக் கொண்டுவந்துவிடும்.

வாடகைக் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். சைக்கிளைக் கையில் கொடுக்கும் முன் சீட் உயரத்தைச் சரிசெய்து கொடுங்கள். வாடிக்கையாளர் சீட்டில் உட்கார்ந்து, கீழே இருக்கும் பெடலில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பயத்தில் பலர் சீட்டைத் தாழ்த்தியே ஓட்டுகிறார்கள். முழங்கால் தேவைக்கு மேல் மடங்கி, பத்து கிலோமீட்டர் தாண்டியதும் முட்டியின் முன்பக்கம் வலிக்கத் தொடங்கும். தங்களுக்கு சைக்கிள் ஒத்துவராது என்று அவர்கள் முடிவுகட்டிவிடுகிறார்கள். சீட்டை உயர்த்த அரை நிமிடம் போதும். சீட் தண்டில் போட்டிருக்கும் எல்லைக் கோடு வெளியே தெரியாதபடி உயர்த்த வேண்டும், அவ்வளவுதான்.

இப்படிக்கு,
சைக்கிளோட்டிகள் இருவர்,
பிடோக்